சுவார்ட்சு ஐயர் தந்த வாக்கு

தென்னூரிலிருந்து மலைக்கோட்டைப் பக்கம் செல்லும் நம் மாணவியர், தெப்பக்குளத்தை அடுத்துள்ள கிறிஸ்து ஆலயத்தைக் கண்டிருப்பீர்கள். 1766இல் அதை எழுப்பியவர் கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் சுவார்ட்சு. அவர் நம் திருச்சபையினர் அல்லர், லூத்தரன் குரு. ஆயினும் நம் ஊரில் வாழ்ந்த ஒரு நல்லவரை இம்மலரில் நினைவுகூர அது தடையாகாது என்றே கருதுகிறோம்.

பிரஷ்ய நாட்டில் 1726இல் பிறந்த அவர், 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் திருச்சிக்கு வந்தபோது, நம் நாடு போரால் நொந்து கிடந்தது. நவாபுகளும் கம்பெனியாரும் மைசூராரும் மாறி மாறிப் படை நடத்தினர். பயிரிட்டவனுக்கு விளைச்சல் நிச்சயமில்லை. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பவில்லை. கோட்டை வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் பலர் மாண்டபோது, அனாதைகளான பிள்ளைகளுக்கு ஐயர் பள்ளி நடத்தினார். அவர் வாசமோ, கட்டில் ஒன்று போட்டால் நிறைந்துவிடும் அறை!

1779இல் சென்னை ஆளுநர் அவரை ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்பினார். தூது பலிக்கவில்லை, மறு ஆண்டே போர் மூண்டது. ஆனால் ஹைதர் வழிச்செலவுக்கென அளித்த 300 ரூபாயை ஐயர் தமக்கென வைத்துக்கொள்ளாமல், தஞ்சை அனாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதலாக்கினார். அவர் நடமாட்டத்தைத் தடுக்கலாகாது என்று ஹைதர் தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார்.

அப்போரில் தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம் வந்தது. வெளியே நெல் இருந்தது. ஆனால் முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கூலி கிடைக்காததால் எவரும் மாடு தர முன்வரவில்லை. அரசரின் ஆணை செல்லவில்லை. கூலிக்குத் தாம் பொறுப்பு என்று ஐயர் எழுதியனுப்பினார். இரண்டு மூன்று நாட்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கூலியைத் தம் கையாலேயே பட்டுவாடா செய்தார். பின்னர், அதிகாரிகளின் கொடுமை தாளாமல் ஊரைவிட்டு ஓடிய குடியானவர்களை அழைத்தபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பினர். பருவம் தப்பியிருந்தும் இரவு பகலாக உழுதனர்.

இளைஞர்களை அவர் மறக்கவில்லை. தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில், ரெசிடெண்ட் சல்லிவன் துணையுடன் ஆங்கிலப் பள்ளிகள் நிறுவினார். இந்துப் பிள்ளைகளும் அங்கே படித்தனர். வஞ்சித்து மதம் மாற்றுவதை அவர் வெறுத்தார். பெற்றோர் நம்பி அனுப்பினர்.

துளஜா மன்னர் தம் வளர்ப்பு மகன் சரபோஜியை அவர் பொறுப்பில் விட்டுச் சென்றார். அரண்மனைப் பகையில் அடைபட்டுக் கிடந்த அச்சிறுவன் 1793இல் சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றான். சரசுவதி மகால் நூலகத்தை வளப்படுத்திய சரபோஜி மன்னர் அவரே.

1798 பிப்ரவரி 13இல் ஐயர் தஞ்சையில் மறைந்தார். இந்துவாகவே வாழ்ந்த சரபோஜி அழுதுகொண்டே அடக்கத்திற்கு வந்தார். பின்னர் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். அது தஞ்சைச் சிவகங்கைக் கோட்டை ஆலயத்தில் இருக்கிறது. சுற்றுலா செல்லும் வகுப்பினர் அதைப் பார்க்கத் தவறாதீர்கள்: படுக்கையில் கிழவர்; அவர் கையைப் பற்றியபடி இளம் மன்னர்; அருகே பள்ளிச் சிறுவர்கள்.