மேடை வரை நடந்தவர்

ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை இளமையில் ஒரு தடவையும் முதுமையில் ஒரு தடவையும் படிக்கும் வாய்ப்பு நம்முட் சிலருக்குக் கிட்டுவதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் முப்பத்திரண்டாவது சனாதிபதியாகிய பிராங்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் வரலாறு எனக்கு அவ்வாறு வாய்த்தது. முதற் படிப்பிலே அவர் மீது எனக்குக் கோபம் உண்டாயிற்று. இரண்டாவது படிப்பிலே அக்கோபம் தீர்ந்தது. இடையில் நாற்பது ஆண்டுகள் கழிந்தன.

1962ஆம் ஆண்டில் இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கொடுமையாகப் பரவியது. வாய்வழி கொடுக்கும் தடுப்பு மருந்து இந்நாட்டிற் புகுத்தப்பட்டதும் அவ்வாண்டிலேதான். அம்மருந்து எங்கள் ஊருக்கு வந்து சேருமுன் நோய் வந்து சேர்ந்தது. அப்போது எனக்கு நான்கு வயது. காய்ச்சல் சில நாட்களில் விட்டது; இடது காலின் வலு மட்டும் திரும்பவில்லை. பள்ளிக்கூடத்திலே நான் படிப்பிற் பின்தங்கியவனல்லன். பேசுவதற்கும் அஞ்சியவனல்லன், வாங்கில் இருந்தபடியே எவ்வளவு நேரமும் பேசுவேன். ஆயின் நாமகள் விழாவில் மேடையேறிப் பேசுமாறு சொன்னால் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுவேன். வாங்கிலிருந்து மேடை வரையுள்ள அந்தச் சிறு தூரம், அதனை நான் கடக்கும்போது என் காலை நோக்கும் கண்கள், இவையே என்னை அச்சுறுத்தியவை.

தமிழ் படிப்பித்த ஆசிரியர் ஒருவர் இதனைக் கண்டுகொண்டார். கடிந்துரையாமல், ரூஸ்வெல்ட்டைப் பற்றிய சிறு நூலொன்றை எனக்குத் தந்தார். மனவுறுதியினால் வாதநோயை வென்று எழுந்து நடந்தார் என்று அந்நூல் கூறிற்று. நான் அதனை எழுத்துக்கெழுத்து நம்பினேன். விடியுமுன் எழுந்து கிணற்றடியிலிருந்து படலை வரை நடந்து நடந்து பார்த்தேன். ஓராண்டு கழிந்தும் கால் முன்போலவே இருந்தது. என் மனத்திலேதான் உறுதியில்லை என்று எண்ணி வெட்கினேன். பின்னர் அந்நூலையும் அந்த மனிதரையும் வெறுத்தேன். அவருடைய உண்மை வரலாற்றை விரிவாகப் படிக்க எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது. அதனையே இங்கு சொல்ல விரும்புகின்றேன்.

ரூஸ்வெல்ட் 1882ஆம் ஆண்டு சனவரி 30ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றை அடுத்த ஹைட் பார்க் என்னும் ஊரிற் பிறந்தார். செல்வக் குடும்பம். தாய்க்கு ஒரே மகன். ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1905இல் தூரத்து உறவினராகிய எலினோரை மணந்தார். 1910இல் மாநிலச் செனற் சபைக்குத் தெரிவானார். 1913 முதல் 1920 வரை கடற்படைத் திணைக்களத்தில் உதவிச் செயலாளராக விளங்கினார். 1920இல் உப சனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். ஆயினும் அவருடைய எதிர்காலத்தை எவரும் ஐயுறவில்லை. ஆறடிக்கு மேற்பட்ட உயரம், அழகிய தோற்றம், நீச்சலிலும் படகோட்டத்திலும் வல்லவர். அதுவரை அவர் வாழ்வில் எதுவும் அரிதாகக் கிடைக்கவில்லை என்றே சொல்லலாம்.

1921ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கனடாவைச் சேர்ந்த கம்போபெல்லோத் தீவிலுள்ள தம் கோடை இல்லத்திற்கு அவர் சென்றிருந்தார். 10ஆந் திகதி பிள்ளைகளோடு படகிற் சென்று, வழியிற் கண்ட காட்டுத்தீயை அணைக்க உதவி, குளிர்ந்த நீரில் நீந்தி வீடு திரும்பினார். ஈர உடையுடனேயே இருந்து தபாலிற் வந்தவற்றைப் படித்தார். உடல் நடுங்கிற்று. மறுநாள் ஒரு கால் தளர்ந்தது. அடுத்து மற்றைய காலும் தளர்ந்தது. சில நாட்களில் மார்புக்குக் கீழே எதுவும் அசையவில்லை. முதலில் வந்த வைத்தியர்கள் நோயை அறிந்தாரல்லர். ஒருவர் முதுகந்தண்டில் இரத்தம் உறைந்தது எனக் கருதிக் கால்களை அழுத்தித் தேய்க்கச் சொன்னார். எலினோரும், நண்பர் லூயி ஹோவும் இரவு பகலாக அவ்வாறே செய்தனர். நோயாளிக்கு அது பெரும் வேதனையாயிற்று. இரு வாரங்களின் பின்னரே, இளம்பிள்ளைவாதம் என்று நிபுணர் ஒருவர் உறுதி செய்தார். அப்போது ரூஸ்வெல்ட்டுக்கு வயது முப்பத்தொன்பது.

தாயார், மகன் ஹைட் பார்க்குக்குத் திரும்பி, பொதுவாழ்வை மறந்து, அமைதியாக வாழட்டும் என விரும்பினார். அது அன்பினாலெழுந்த விருப்பமே. மனைவியும் ஹோவும் அதனை ஏற்கவில்லை. உடல் முடங்கிய மனிதனின் மனத்தையும் முடக்கிவிடலாகாது என்று அவர்கள் வாதிட்டனர். நோயாளி அவர்கள் பக்கம் நின்றார்.

அதன் பின்னர் தொடங்கியது நெடிய உழைப்பு. கட்டிலின் மேலே கட்டப்பட்ட வளையங்களைப் பற்றி உடலைத் தூக்கப் பழகினார். தோள்களும் கைகளும் மல்லரின் அங்கங்கள் போலத் திரண்டன. கால்களுக்கு இடுப்பு முதல் குதி வரை நீளும் உருக்குத் தாங்கிகள் பூட்டப்பட்டன. முழங்காலிலுள்ள பூட்டை இறுக்கினால் நிற்கலாம். தளர்த்தினால் மடித்து இருக்கலாம். ஹைட் பார்க் மாளிகையின் வாயிலிலிருந்து பெருந்தெரு வரை ஊன்றுகோல்களோடு நடந்துவிட வேண்டுமென நாள்தோறும் வியர்வை சிந்தினார். வீடு தீப்பற்றினால் தப்ப முடியாது என்னும் அச்சம் அவருக்கு எப்போதும் இருந்தது. ஆதலால் நிலத்தில் வீழ்ந்து, கைகளால் ஊர்ந்து செல்லவும் பழகினார். வீட்டார் பார்த்திருக்கவே பழகினார்.

1922ஆம் ஆண்டு ஒக்டோபரில், நியூயோர்க் நகரிலுள்ள தம் அலுவலகத்திற்கு முதன்முறையாகச் சென்றார். பளிங்குத் தரையில் ஊன்றுகோல் வழுக்கிற்று. பலர் பார்த்து நிற்க நிலத்தில் வீழ்ந்தார். வீழ்ந்தவர் சிரித்தார், அருகே நின்ற இருவரை அழைத்துத் தம்மைத் தூக்கிவிடும்படி கேட்டார், மீண்டும் நடந்தார். இந்த நிகழ்ச்சியைப் படித்தபோது நான் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். என் சிறுவயது நூலில் இந்நிகழ்ச்சி இல்லை. அதில் அவர் வீழவேயில்லை.

1924ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதியே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம். சனநாயகக் கட்சியின் மாநாடு மடிசன் ஸ்குயார் கார்டன் மண்டபத்திற் கூடியது. நியூயோர்க் ஆளுநர் அல் சிமித்தைச் சனாதிபதி வேட்பாளராக முன்மொழியும் பணி ரூஸ்வெல்ட்டுக்குத் தரப்பட்டது. ஆசனத்திலிருந்து பேச்சுமேசை வரை உள்ள தூரத்தைத் தம் வீட்டு நூலகத்தில் அளந்து வைத்துப் பலநாள் பழகினார். அன்றைய தினம், பதினாறு வயது மகன் ஜேம்ஸின் கையைப் பற்றியபடி மேடைக்கு வந்தார். பேச்சுமேசை தம் பாரத்தைத் தாங்குமோ என ஐயுற்று, அதனை அசைத்துப் பார்க்கும்படி நண்பரொருவரிடம் முன்கூட்டியே வேண்டினார். பின்னர் மகனின் கையை விட்டார். இரு ஊன்றுகோல்களோடு தனியே நடந்தார். ஆயிரக்கணக்கானோர் மூச்சடக்கி நோக்கியிருந்தனர். மேசையை அடைந்து அதன் விளிம்பை இறுகப் பற்றினார். மக்கள் ஆரவாரித்தபோது கையசைக்க அவரால் இயலவில்லை; கையை எடுத்தால் வீழ்ந்துவிடுவார். தலையை நிமிர்த்திப் புன்னகைத்தார். நூற்று மூன்று வாக்கெடுப்புகளின் பின் அந்த மாநாடு வேறொருவரைத் தெரிவு செய்தது, சிமித் தோற்றார். ஆனால் அன்று அந்த மண்டபத்திற் கூடியிருந்தோர் ரூஸ்வெல்ட்டை மறக்கவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபரில் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள வோம் ஸ்பிறிங்ஸ் என்னும் சிற்றூருக்குச் சென்றார். அங்கு நிலத்தினின்று ஊறும் நீர் இயல்பாகவே வெதுவெதுப்பானது. அந்நீரில் இறங்கியபோது கால்களின் பாரம் குறைந்தது. 1926இல் தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கொடுத்து அவ்விடத்தை வாங்கி, மறுவருடம் வாதநோயாளருக்கான சிகிச்சை நிலையமாக அமைத்தார். பிற நோயாளரோடு தாமும் ஒருவராக நீரில் இறங்கி, அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார். அவர்களோ அவரையே தங்கள் வைத்தியர் என்று வேடிக்கையாக அழைத்தனர். தம்மைவிடத் துன்புற்ற எளியவர்களோடு அந்தச் செல்வர் முதன்முதலாகச் சமமாய் வாழ்ந்த இடம் அது. ஆயினும் அதன் வாயில் கறுப்பின நோயாளருக்குத் திறக்கப்படவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. அவர்களுக்கென டஸ்கீகியில் ஒரு நிலையம் 1941இலேயே திறக்கப்பட்டது.

அங்கேதான், ஒரு கையிற் கைத்தடியும் மறு கையில் இன்னொருவர் புயமுமாக, இடுப்பை அசைத்து அசைத்துச் சில அடிகள் நடக்கும் முறையைக் கற்றார். 1928இல் நியூயோர்க் ஆளுநராகத் தெரிவானார். 1932இல் சனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். 1933 மார்ச் 4ஆந் திகதி அவர் பதவியேற்றபோது வங்கிகள் மூடிக் கிடந்தன. தொழிலாளரில் ஏறத்தாழ நால்வருக்கொருவர் வேலையின்றி இருந்தனர். அன்று அவர் அச்சத்தைப் பற்றியே முதலில் பேசினார். ஆட்சித் துறையில் அவர் செய்தவற்றைக் குறித்து அறிஞர்கள் இன்றும் வாதிடுவர். யப்பானிய வமிசத்தவரை 1942இல் முகாம்களுக்கு அனுப்பிய கட்டளை அவர் பெயருக்கு மாசு. ஆனால் அச்சத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது என்பதை எவரும் மறுக்கார்.

1936ஆம் ஆண்டு யூன் 27ஆந் திகதி, பிலடெல்பியா நகரில் இலட்சம் பேருக்கு மேற்பட்டோர் திரண்ட திறந்த அரங்கிலே, மேடையை நோக்கி நடக்கையில், எட்வின் மார்க்கம் என்னும் முதிய கவிஞரைக் கண்டார். கவிஞருக்குக் கைகொடுக்கத் திரும்பிய கணத்தில் முழங்காற் பூட்டு விலகிற்று. சனாதிபதி சரிந்தார். காவலர் தாங்கிக் கொண்டனர். உரைத்தாள்கள் சிதறின. மண்ணைத் துடைத்துப் பூட்டை மாட்டியபின் மீண்டும் நடக்கத் தொடங்கினார். கலங்கி நின்ற கவிஞரைக் கண்டதும் நின்று, அவர் கையைப் பற்றிக் குலுக்கினார். பின்னரே மேடையேறி, கசங்கிய தாள்களை ஒழுங்குபடுத்தி, அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் நினைவிற் கொண்ட உரையொன்றை நிகழ்த்தினார்.

இந்த வீழ்ச்சி மக்களுக்கு அறிவிக்கப்படவில்லை. சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. படம் பிடிக்கலாகாது என்பது பத்திரிகையாளரோடு இருந்த உடன்பாடு. அவருடைய மனத்தில் ஒரு மூலையில் எனக்கிருந்த அதே வெட்கம் இறுதிவரை இருந்ததோ என எண்ணுகின்றேன். வாக்காளரின் மனப்பான்மையை அறிந்த அரசியல் தந்திரம் என்பாரும் உளர். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 1944 யூலையில் ஹவாய்த் தீவிலுள்ள கடற்படை வைத்தியசாலைக்குச் சென்றபோது, கை கால்களை இழந்த இளம் வீரர்கள் கிடந்த அறைகளினூடே சக்கர நாற்காலியில் தம்மை மெதுவாகத் தள்ளிச் செல்லும்படி அவரே கேட்டார். நாட்டுக்கு மறைத்த கால்களை அவர்களுக்குக் காட்டினார். அவர் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1945 மார்ச் 1ஆந் திகதி, யால்ற்றா மாநாட்டைப் பற்றிக் காங்கிரஸ் சபையில் அறிக்கை தந்தபோது முதன்முறையாக இருந்தபடியே பேசினார். தம் கால்களிற் பூட்டிய உருக்கின் பாரத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் 12ஆந் திகதி வோம் ஸ்பிறிங்ஸில் காலமானார். வயது அறுபத்துமூன்று. அவர் 1938இல் நிறுவிய இளம்பிள்ளைவாத நிதியத்திற்கு மக்கள் பத்துச் சதக் காசுகளாக அனுப்பிய பணம், ஜோனாஸ் சோக்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்குத் துணை நின்றது. அவ்வூசி பயன் தருவது என்று உலகிற்கு அறிவிக்கப்பட்ட நாள் 1955 ஏப்ரல் 12. அவர் மறைந்த பத்தாவது ஆண்டு நிறைவு நாள். வாசிங்ரனில் அவருக்கு 1997இல் எழுப்பிய நினைவிடத்தில் சக்கர நாற்காலி தெளிவாகக் காட்டப்படவில்லை. உடற்குறையுடையோர் போராடி, 2001இல் நாற்காலியில் இருக்கும் சிலையொன்றை அங்கு நிறுவச் செய்தனர்.

ரூஸ்வெல்ட்டின் கால்கள் ஒருபோதும் குணமாகவில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் அவர் முயன்றும் துணையின்றி நடந்தாரல்லர். என் சிறுவயது நூல் மறைத்த உண்மை இது. அந்த உண்மையை அறியாமையாலேயே நான் தோற்றவனென எண்ணினேன். அவர் வென்றது நோயையன்று. பலர் முன்னே வீழ நேரும் என்பதை அறிந்தும் அடியெடுத்து வைக்கப் பழகினார். பிறர் கையை நாணாமற் கேட்கப் பழகினார். அந்தப் பழக்கத்திலிருந்தே அவருடைய தன்னம்பிக்கை பிறந்தது.

என்னைப் பற்றிய மிச்சத்தையும் சொல்லிவிடுகின்றேன். அந்த ஆசிரியர் என் கோபத்தை அறிந்தபின்னரும் விட்டுவிடவில்லை. அடுத்த ஆண்டு நாமகள் விழாவன்று, என் பெயர் அழைக்கப்பட்டதும், எழுந்துவந்து என் அருகே நின்று தம் புயத்தை நீட்டினார். அதனைப் பற்றிக்கொண்டு மேடை வரை நடந்தேன். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்று படிப்பித்தேன். அவர் ஏன் புயத்தை நீட்டினார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. பதினாறு வயது ஜேம்ஸ் தந்தையோடு நடந்த பக்கத்தைப் படித்தபோதுதான் விளங்கிற்று. என்னிடம் தந்த சிறு நூலைவிடப் பெரிய நூலொன்றை அவர் படித்திருக்கிறார். அதைக் கேட்டறிய இன்று அவர் உயிருடன் இல்லை.

எம் நாட்டில் 1993இன் பின் இளம்பிள்ளைவாதத்தால் எந்தப் பிள்ளையும் பாதிக்கப்படவில்லை. ஆயினும் மேடைக்கு வர அஞ்சும் பிள்ளைகள் எவ்வகுப்பிலும் இருப்பர். ஆசிரியர்கள் அவர்களுக்கு வரலாறு சொல்லும்போது, வென்ற கதையோடு வீழ்ந்த கதையையும் சேர்த்துச் சொல்வார்களாக. சொன்னபின் எழுந்துபோய் அருகில் நிற்பார்களாக.