எழும்பூரின் 8 வயது வாத்தியார்: 'மெட்ராஸ் முறை'யை உலகுக்குக் கொண்டுபோன ஆண்ட்ரூ பெல் யார்?

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. அதன் பெயர் 'மெட்ராஸ் காலேஜ்'. 1833-ல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது. அத்தனை தூரத்தில் இருக்கும் ஒரு ஊர்ப் பள்ளிக்கு நம்ம மெட்ராஸின் பெயர் எப்படிப் போனது?

கொஞ்சம் மணல், 8 வயதுப் பையன் ஒருத்தன், பிடிவாதக்காரப் பாதிரியார் ஒருவர். இந்த மூன்றும் சேர்ந்த கதை அது. மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லித் தருவதை 'பியர் லேர்னிங்' என்று இன்று புதுசாகப் பேசுகிறோம். 230 ஆண்டுகளுக்கு முன்பே அதை எழும்பூரில் நடத்திப் பார்த்தவர் ஆண்ட்ரூ பெல்.

யார் இந்த ஆண்ட்ரூ பெல்?

1753-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தவர். அப்பா முடிதிருத்தும் தொழிலாளி. அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, 1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனார். அங்கே பணக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார் வேலை. 1781-ல் ஊர் திரும்பும் வழியில் கப்பல் உடைந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

பிறகு பாதிரியார் ஆனார். 1787-ல் மெட்ராஸ் வந்து இறங்கினார். ஒரே நேரத்தில் பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராக இருந்து நல்ல காசு சேர்த்தார். 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு காப்பகப் பள்ளி தொடங்கியபோது, அதன் பொறுப்பு அவரிடம் வந்தது. அந்த வேலைக்கு மட்டும் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மணலில் எழுதிய பிள்ளைகள்

காப்பகத்தில் இருந்த பிள்ளைகளில் பலர் ஐரோப்பிய அப்பாவுக்கும் இந்திய அம்மாவுக்கும் பிறந்தவர்கள். இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்பதுதான் அங்கிருந்த வாத்தியார்களின் எண்ணம். பெல் அதை நம்பவில்லை. பிள்ளைகளிடம் குறை இல்லை, சொல்லித்தரும் முறையில்தான் குறை என்று நினைத்தார்.

ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, வழியில் ஒரு பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். அன்றைய ஆங்கிலேயர்கள் தமிழையும் தமிழரையும் 'மலபார்' என்றுதான் குறிப்பிட்டார்கள். பெல்லும் அதை 'மலபார் பள்ளி' என்றே எழுதிவைத்தார். நமக்கு அது திண்ணைப் பள்ளிக்கூடம்.

காகிதம் விலை அதிகமாக இருந்த காலம் அது. மணலுக்குச் செலவே இல்லை. தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். முக்கியமாக, வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் எழுதலாம். அந்தக் காலத்து டேப்லெட் என்றே சொல்லலாம்!

8 வயது வாத்தியார்

பெல் அப்படியே பள்ளிக்குத் திரும்பி, இனி மணலில் எழுதப் பழக்குங்கள் என்றார். வாத்தியார்கள் மசியவில்லை. இதெல்லாம் நடக்காத காரியம் என்று கையை விரித்தார்கள்.

கடைசியில் ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுப் பையனைக் கூப்பிட்டார். சாதாரணப் படைவீரர் ஒருவரின் மகன். எழுத்துப் பழகும் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். அடுத்தடுத்த வகுப்புகளும் மாணவர்கள் கைக்கே போயின.

எப்படி நடந்தது 'மெட்ராஸ் முறை'?

* பிள்ளைகளை வயதை வைத்து அல்லாமல், கற்ற அளவை வைத்துப் பிரித்தார்கள். முன்னேறினால் மேல் வகுப்பு, பின்தங்கினால் கீழ் வகுப்பு.
* நன்றாகப் படிக்கும் ஒருவன் பக்கத்தில் தடுமாறும் ஒருவன் என்று ஜோடி சேர்த்தார்கள். சொல்லித்தருவது அவன் பொறுப்பு.
* பாடங்கள் சின்னச் சின்னதாக இருந்தன. ஒன்று முழுசாகப் புரிந்த பிறகே அடுத்தது.
* தப்புச் செய்தால் ஒரு பதிவேட்டில் ஏறும். வாரம் ஒருமுறை அதைப் பிரித்துப் படித்து, மாணவர்களே நடுவர்களாக உட்கார்ந்து விசாரிப்பார்கள்.

பிள்ளைகள் வாயைத் திறப்பதே ஒழுங்கீனம் என்று நினைத்த காலத்தில், அவர்கள் கையில் பாடத்தையும் தீர்ப்பையும் கொடுத்தது பெரிய துணிச்சல்தான்.

லண்டன் போன மணல்

1796-ல் பெல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அடுத்த ஆண்டே லண்டனில் இந்தச் சோதனையைப் பற்றி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 1798-ல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு தேவாலயப் பள்ளி முதலில் இதைக் கையில் எடுத்தது. அதே சமயம் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதுபோன்ற பள்ளியை நடத்த, முதலில் கண்டுபிடித்தது யார் என்று இரு தரப்புக்கும் வருஷக்கணக்கில் சண்டை.

1811-ல் ஏழைகளின் கல்விக்காக இங்கிலாந்து திருச்சபை 'நேஷனல் சொசைட்டி'யைத் தொடங்கி, பெல் முறையை ஏற்றுக்கொண்டது. 1832-ல் பெல் இறந்தபோது, சுமார் 12,000 பள்ளிகளில் இந்த முறை இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவரை அடக்கம் செய்தார்கள். சொத்தில் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதிவைத்தார். 'மெட்ராஸ் காலேஜ்' அந்தப் பணத்தில் வந்ததுதான்.

அப்போ, குறையே இல்லையா?

இருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு அவர்கள் நிலைக்கு மீறிய படிப்பு தேவையில்லை என்று நினைத்தவர் பெல். பைபிளை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்ற அளவில்தான் அவர் பார்வை நின்றது.

இந்த முறை வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணமும் சிக்கனம்தான். ஒரே ஒரு வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்கலாம். மாணவன் பாடம் சொன்னான், உண்மைதான். ஆனால் அவன் சொன்னது மேலிருந்து வந்த பாடத்தை, வரி பிசகாமல். கேள்வி கேட்க அதில் இடம் இல்லை. மனப்பாடப் பள்ளிகள் என்ற விமர்சனம் வலுத்தது. 1846-ல் இங்கிலாந்து அரசு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களுக்குச் சம்பளம் தரும் வேறு திட்டத்துக்கு மாறியது.

நம்ம ஊர் சட்டாம்பிள்ளை

பெல் பெரிய புதுமையாகச் சொன்ன ஒன்றுக்கு நம்மிடம் முன்பே பெயர் இருந்தது: சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதிலாகச் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லும் மூத்த மாணவன். 1822-ல் மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுக்க உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். போளூரும் ஆரணியும் இருந்த வட ஆற்காடு மாவட்டமும் அதில் உண்டு. மொத்தம் 12,498 பள்ளிகள் கணக்கில் வந்தன. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல், மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் இந்த வழக்கத்தைப் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது சரிதான் என்ற பொருளில் அறிக்கை அனுப்பினார்.

அந்தத் திண்ணையும் எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. தலித் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை.

இன்று என்ன?

2007-ல் தமிழகம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குச் செயல்வழிக் கற்றல் வந்தது. போளூர் பக்கத்துப் பள்ளிகளிலும் பிள்ளைகள் அட்டைகளோடு தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. இப்போது ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் வருகின்றன.

மணலோ டச் ஸ்கிரீனோ, விரலால் எழுதுவது ஒன்றுதான். எழுதியதைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, 'இது ஏன் இப்படி?' என்று கேட்க முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம். ஃபிரிஸ்கனுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. ஆனாலும் அவன் பெயராவது புத்தகத்தில் ஏறியது. பெல் அன்று காலை பார்த்த, மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர் பெயரும் ஏறவில்லை.