வண்டாராய்ந்த பேட்ஸ்

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் 1825ஆம் ஆண்டு பிறந்தவர் ஹென்றி வால்ட்டர் பேட்ஸ். அவர் பதின்மூன்றாம் வயதில் பள்ளியை விடுத்துக் காலுறை வணிகர் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். காலை முதல் இரவு வரை வேலை. எனினும், விடுமுறை நாள்களில் காட்டிற்குச் சென்று வண்டுகளைத் தேடுவார். வண்டுகளைப் பற்றிய அவரது முதற்கட்டுரை 1843இல் வெளியாயிற்று.

1848இல் தம் நண்பர் வாலஸுடன் தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளுக்குச் சென்றார். வாலஸ் நான்காண்டில் திரும்பினார். பேட்ஸோ பதினோராண்டுகள் தங்கினார். ஒருமுறை ஓராண்டளவும் ஊரிலிருந்து கடிதமோ பணமோ வரவில்லை. உடைகள் கந்தலாயின, காலணியின்றி நடந்தார், கைப்பொருளும் களவு போயிற்று. ஆயினும் எடுத்த பணியை அவர் கைவிட்டாரல்லர். 1859இல் திரும்பியபோது அவர் திரட்டியிருந்த உயிரினங்கள் 14,000க்கு மேற்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ 8,000 அறிவியலுலகிற்குப் புதியவை.

1864 முதல் இலண்டனில் அரச புவியியல் கழகத்தில் துணைச் செயலாளராகப் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் தரைவண்டுகளை ஆராய்ந்தார். மலைக்காட்டுத் தரைவண்டுகளுள் பல பறக்கும் ஆற்றலற்றவை. ஆதலின் மலைக்கு மலை இனம் வேறுபடுதல் உண்டு. ஒன்றைப் புதிய இனம் என்று துணிதல் எளிதன்று. உணர்கொம்பின் கணுக்களையும், மார்புத் தகட்டின் வடிவையும், மேற்சிறகின் வரிகளையும் முன்னறிந்த இனங்களோடு ஒப்பிட்டுத் தெளிந்த பின்னரே பெயர் சூட்டுதல் வேண்டும். ஜார்ஜ் லூயிஸ் என்பார் இலங்கையில் சேர்த்த தரைவண்டுகளை இவ்வாறு ஆராய்ந்து, 1886இல் பேட்ஸ் கட்டுரை வெளியிட்டார்.

பள்ளிப் படிப்பை இளமையிலேயே இழந்த அவரை, 1881இல் அரச கழகம் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. 1892இல் அவர் மறைந்தார். விடாமுயற்சி உடையார்க்குக் காடும் கல்விக்கூடமே என்பதற்கு அவர் வாழ்க்கை சான்றாகும்.