நந்தனுக்காகப் பாடியவர்!
கோபாலகிருஷ்ண பாரதியாரின் கதை

பகலெல்லாம் சேற்றில் நின்று பாடுபடும் ஒரு பண்ணையாள். அவன் உடம்பு வயலிலே, உள்ளமோ சிதம்பரத்திலே! ஒரே ஒரு முறை நடராஜரைப் பார்த்துவிட்டு வர அவனுக்கு ஆசை. ஆண்டையோ விடை தர மறுக்கிறார்.

நந்தனின் இந்தக் கதையைக் கேட்டுக் கண் கலங்காத தமிழர் உண்டா? இதைப் புதுப் பாட்டாகக் கட்டி, ஊர் ஊராகப் பாடியவர்தான் கோபாலகிருஷ்ண பாரதியார்.

வயல் நாட்டுப் பிள்ளை

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தவர் அவர். இசைக் குடும்பம். காவிரி பாயும் நெல் வயல்களுக்கு நடுவே, முடிகொண்டானிலும் ஆனந்ததாண்டவபுரத்திலும் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பாட்டும் பக்தியுமே அவருக்குக் குடும்பம்.

நிலம் சிலர் கையில். உழைப்பு பலர் கையில். உழைத்தவனுக்கு ஊருக்குள் இடம் இல்லை; கோவிலுக்குள்ளும் இடம் இல்லை. இதை அவர் தினமும் கண்ணால் கண்டார்.

பழைய கதையில் புதிய ஆள்

நந்தன் கதை பழைய கதைதான். காஞ்சிபுரம் மாவட்டத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டிலேயே பெரிய புராணத்தில் அதைச் சொல்லிவிட்டார். ஆனால் அதில் கொடுமைக்கார ஆண்டை கிடையாது!

அந்த ஆண்டையைப் படைத்தவர் பாரதியார். அவரை ஒரு வேதியராகவே படைத்தார். பாரதியாரும் அந்தக் குலத்தில் பிறந்தவர்தான். தம் குலத்தார் செய்த கொடுமையை மேடையில் நிறுத்தத் துணிந்தார்.

40 வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் அந்த வேதியர். 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்! ஒரு மனிதனால் ஆகிற காரியமா? ஆனால் இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. வேதியர் நடுநடுங்கி, நந்தன் காலில் விழுகிறார். அக்காலத்தில் இப்படிப் பாட எவ்வளவு துணிவு வேண்டும்!

புலவர் மனம் மாறியது

சிந்து, நொண்டிச்சிந்து என்று பாமரர் வாயில் புழங்கிய மெட்டுகளில் பாட்டுகளைக் கட்டினார். படிக்கத் தெரியாதவர்களும் ஒரு முறை கேட்டால் பாடினார்கள்.

புலவர்களோ முகம் சுளித்தார்கள். பாட்டில் இலக்கணப் பிழை இருக்கிறதாம்! நூலுக்குச் சிறப்புப் பாயிரம் கேட்டு, மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார் பாரதியார். அவர் நாளைக் கடத்தினார். பாரதியார் சலிக்காமல் நடந்தார்.

ஒரு நாள் பிள்ளை வீட்டுக்குள் ஓய்வாக இருந்தார். திண்ணையில் காத்திருந்த பாரதியார், தமக்குத் தாமே பாடத் தொடங்கினார். பாட்டு உள்ளே போயிற்று. மகாவித்துவானின் மனம் உருகியது. இலக்கணம் மறந்தது! பாயிரம் கிடைத்தது. அந்த மகாவித்துவானின் மாணவரும், பாரதியாரிடம் இசை கற்றவருமான உ.வே. சாமிநாதையர் எழுதி வைத்த செய்தி இது.

1860-களின் தொடக்கத்தில் நூல் அச்சாயிற்று. அப்போது பிரெஞ்சுக்காரர் ஆண்ட காரைக்காலில், அவர்களுடைய அதிகாரி ஒருவரே அதற்கு உதவினார்.

கதவு திறந்தது

பாரதியார் மறைந்தார், பாட்டு மறையவில்லை. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேடத்தில் நந்தனாராக நடித்தார். அதற்கு அவர் பெற்ற சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! 1942-இல் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக வந்தார். ஊரெல்லாம் அந்தப் பாட்டுகள் ஒலித்தன.

கதையிலே நந்தன் தீயில் மூழ்கி எழுந்த பிறகுதான் கோவிலுக்குள் போக முடிந்தது. அது நியாயமா என்று பிற்காலத்தார் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

1939 ஜூலை 8. மதுரை மீனாட்சி அம்மன் கோவிலுக்குள், ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் செய்தார்கள். 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டம் வந்தது.

இந்த முறை யாரும் தீக்குளிக்க வேண்டியிருக்கவில்லை. நந்தன்கள் நிமிர்ந்து நடந்தே உள்ளே போனார்கள்!