மீனுக்கும் வாய்ப்புக் கொடுத்த ஹோல்டர்

1898-ஆம் ஆண்டு, ஜூன் மாதம் 1-ந் தேதி.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவுக்கு எதிரே கட்டலினா என்று ஒரு தீவு இருக்கிறது. அந்தத் தீவை ஒட்டிய கடலில் ஒரு சிறு படகு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் காற்று தள்ளவில்லை. துடுப்புப் போட்டு யாரும் ஓட்டவும் இல்லை. படகை இழுத்துக்கொண்டு போனது ஒரு மீன்!

படகில் இருந்தவர் கையில் ஒரு தூண்டில் கோல். கோலில் ஓர் உருளை. உருளையில் சுற்றிய நூலின் மறுமுனையில் பெரிய சூரை மீன்.

மீன் ஓடியபோது அவர் நூலை விட்டுக்கொடுத்தார். மீன் களைத்தபோது நூலைச் சுற்றினார். அவசரப்பட்டு இழுத்தால் நூல் அறுந்துவிடும். தளர விட்டால் முள் கழன்றுவிடும். 3 மணி 45 நிமிட நேரம் இந்தப் போராட்டம் நடந்தது. கடைசியில் மீன் படகுக்கு வந்தது. எடை 183 பவுண்டு. அதாவது சுமார் 83 கிலோ!

மீனைப் பிடித்தவர் பெயர் சார்லஸ் பிரடெரிக் ஹோல்டர். அப்போது அவருக்கு வயது 46.

கோட்டையில் வளர்ந்த சிறுவன்

ஹோல்டர் 1851-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், லின் என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஒரு டாக்டர். கடல் உயிர்களை ஆராய்வதிலும் அவருக்கு ஆர்வம் உண்டு.

புளோரிடாவுக்கு அப்பால், நடுக்கடல் தீவு ஒன்றில் ஜெபர்சன் கோட்டை இருக்கிறது. தந்தைக்கு அங்கே வேலை கிடைத்தது. மகனும் உடன் போனான். சுற்றிலும் பவளப் பாறை, ஆமை, சுறா. சிறுவனுக்குக் கடலே பள்ளிக்கூடம் ஆயிற்று.

வாலிபனானதும் ஹோல்டர் நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் வேலை பார்த்தார். பிறகு எழுத்தாளர் ஆனார். விஞ்ஞானி டார்வினின் வரலாற்றையும் எழுதினார். உடல்நலம் நாடி, 1885-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ள பாசடீனா நகரில் குடியேறினார். புத்தாண்டு தினத்தில் அங்கே நடக்கும் புகழ்பெற்ற ரோஜா விழா 1890-இல் தொடங்கியதற்கு அவரும் ஒரு காரணம்.

மனத்தை வருத்திய காட்சி

கட்டலினா தீவுக்கு முதன்முறை போனபோது ஹோல்டர் ஒரு காட்சியைக் கண்டார். உல்லாசப் பயணிகள் கரையில் நின்று, தடித்த கயிற்றில் முள்ளைக் கட்டிக் கடலில் எறிந்தார்கள். மஞ்சள்வால் மீன்கள் வந்து கவ்வின. அவற்றை வெறும் பலத்தால் தரதரவென்று இழுத்துப் போட்டார்கள்.

தின்பதற்கு வேண்டிய அளவோடு அவர்கள் நிறுத்தவில்லை. குவியல் குவியலாகப் பிடித்தார்கள். மிஞ்சியது வீணாயிற்று.

பசிக்குப் பிடிப்பது வேறு, பொழுதுபோக்குக்குப் பிடிப்பது வேறு. பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவன் மீனுக்கும் தப்ப ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்று ஹோல்டர் நினைத்தார். தடித்த கயிற்றைத் தள்ளிவிட்டுக் கோலையும் மெல்லிய நூலையும் கையில் எடுத்தார்.

பெரிய சூரை மீனை இப்படிப் பிடிக்க முடியுமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அந்த ஜூன் 1-ந் தேதி அவர்களுக்குப் பதில் கிடைத்தது.

சங்கமும் சட்டமும்

அதே மாதத்தில் ஹோல்டர் நண்பர்களைக் கூட்டி, தீவில் உள்ள அவலான் ஊரில் சூரை மீன் சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் விதிகள் கண்டிப்பானவை.

நூல் 24 இழைக்கு மேல் தடிக்கக் கூடாது. மீனைப் பிடிப்பவர் தாமே போராட வேண்டும். கோலையோ நூலையோ மற்றவர் தொடக் கூடாது. மீனைக் கொக்கியால் தூக்கும்போது மட்டும் படகோட்டி உதவலாம். கோல் முறிந்துபோனால் அந்த மீன் கணக்கில் சேராது.

சங்கம் தொடங்கியவரின் சாதனை அடுத்த ஆண்டே போயிற்று. 1899-இல் இன்னோர் உறுப்பினர் 251 பவுண்டு சூரையைப் பிடித்துவிட்டார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஹோல்டர் வகுத்த விதிப்படியே அவரை முந்தினார்கள்.

தூண்டில்காரர்களைத் திருத்தினால் மட்டும் போதாது என்றும் ஹோல்டர் கருதினார். தீவை ஒட்டி மீன்கள் முட்டையிடும் இடங்களில் வலைகளும் விழுந்தன. தடை வேண்டும் என்று அவர் எழுதினார், பேசினார். 1913-ஆம் ஆண்டில் கட்டலினாவைச் சுற்றி 3 மைல் வரை வலை வீசக் கூடாது என்று சட்டம் வந்தது.

வலையால் பிழைப்பவனுக்கு இது பெரிய அடிதான். சிலருடைய பொழுதுபோக்கா, பலருடைய பிழைப்பா என்ற வழக்கு அன்று எழுந்தது. இன்றும் பல கடற்கரைகளில் அது ஓயவில்லை. ஆனால் மீன் குஞ்சு பொரிக்க இடம் இல்லாமல் போனால், இருவர் கைக்கும் ஒன்றும் கிடைக்காது. அதைத்தான் ஹோல்டர் முன்கூட்டியே கண்டார்.

மறைந்த பின்னும்

1915-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஹோல்டர் பாசடீனாவில் காலமானார். அடுத்த மாதமே அவலானில் பெருந்தீ பிடித்தது. சங்கத்தின் கட்டடம் சாம்பல் ஆயிற்று. உறுப்பினர்கள் தளரவில்லை, மறு ஆண்டே புதுக் கட்டடம் எழுப்பினார்கள். 1929-இல் இங்கிலாந்தின் சர்ச்சில் கட்டலினாவுக்கு வந்து, 188 பவுண்டு மார்லின் மீனைத் தூண்டிலில் பிடித்தார்.

1939-ஆம் ஆண்டில் உலகத் தூண்டில் விளையாட்டுக்கு ஒரு சர்வதேசச் சங்கம் பிறந்தது. மீனைப் பிடிப்பவர் பிறர் உதவியின்றித் தாமே போராட வேண்டும் என்பது அதற்கும் அடிப்படை விதி ஆயிற்று. அந்தச் சங்கம் பிறந்த இடம் எது தெரியுமா? நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலை. இளம் வயதில் ஹோல்டர் வேலை பார்த்த அதே இடம்!

2015-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இன்னொரு கட்டுப்பாடு விதித்தது. கலிபோர்னியாக் கடலில் தூண்டில் போடுபவர் நாள் ஒன்றுக்கு 10 நீலத்துடுப்புச் சூரை வரை பிடிக்கலாம் என்று இருந்தது. அது 2 ஆகக் குறைக்கப்பட்டது. ஹோல்டர் அன்று பிடித்ததும் அதே இன மீன்தான்.

கடல் பெரியது. ஆனால் அதிலும் மீன் தீரும். போதும் என்று நிறுத்தத் தெரிந்தவன்தான் நல்ல தூண்டில்காரன். இதுவே ஹோல்டர் வாழ்க்கை சொல்லும் பாடம்.