மெல்லிய நாதத்தின் பேரரசி வீணை தனம்மாள்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உரத்துச் சொன்னால்தான் உலகம் கேட்கும் என்று நம்பும் காலம் இது. திருமண மண்டபமாயினும் கோயில் திருவிழாவாயினும் ஒலிபெருக்கியின் முழக்கம்தான் விழாவின் சிறப்புக்கு அளவுகோல். இத்தகைய காலத்தில், அடுத்த அறைக்குக்கூடத் தெளிவாக எட்டாத ஒரு மெல்லிய நாதத்தால் இசை உலகையே தம் வீட்டு வாசலுக்கு வரவழைத்த ஒரு பெண்மணியை நினைத்துப் பார்ப்பது நமக்கு நன்மை தரும். அவர்தான் வீணை தனம்மாள்.

இயற்பியல் படிக்கும் மாணவனுக்கு வீணையின் மீது என்ன அக்கறை என்று நண்பர்கள் கேட்கலாம். பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் என் மாமா மகன் பழைய கிதார் ஒன்றை வாங்கி நன்றாக வாசிக்கப் பழகியிருக்கிறான். அதை வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்து தரும்படி என்னிடம் கேட்டான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அறிவியல் சம்பந்தப்பட்டது எதுவாயினும் எனக்குத் தெரிந்திருக்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. மின்சாரத் துணையின்றி, மரப்பெட்டியின் அதிர்வால் மட்டுமே ஒலிக்கும் தந்திக் கருவியை எப்படிப் பதிவு செய்வது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடல் என்னைத் தனம்மாளிடம் கொண்டு சேர்த்தது. கிதாரும் வீணையும் பிறந்த நாடுகள் வேறு. ஆனால் இரண்டுக்கும் உள்ள இடர் ஒன்றே. தட்டிய கணத்தில் பிறக்கும் நாதம் உடனே தேயத் தொடங்கிவிடுகிறது.

பிறப்பும் பயிற்சியும்

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பாட்டி காமாட்சியம்மாள் தஞ்சை அரசவையில் ஆடிய நாட்டியக் கலைஞர். தாய் சுந்தரம்மாள் பாடகி; சியாமா சாஸ்திரிகளின் மைந்தர் சுப்பராய சாஸ்திரிகளிடம் பாடம் கேட்டவர். 1855இல் தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாஜி வாரிசின்றி மறைந்தபின் அவ்வரசு கும்பினியார் கைக்குப் போயிற்று. ஆதரவு இழந்த கலைஞர்கள் பலர் சென்னை நகரை நாடி வந்தனர். இக்குடும்பத்தின் வேரும் தஞ்சையே. பின்னாளில் இந்த வீட்டுப் பிள்ளைகள் தம் பெயருக்கு முன் போட்டுக்கொண்ட ‘டி’ என்னும் தலைப்பெழுத்து தஞ்சாவூரைக் குறிப்பதாகும்.

தனம்மாள் பள்ளிக்கூடத்தில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் அவர் கற்றதை எண்ணிப் பார்த்தால் வியப்பு மேலிடும். முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் கற்றார். பார்வை இழந்த இசை மேதையான வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களைக் கற்றார். பதம் பாடுவதில் வல்லவராதலால் அவரைப் பதம் பாலதாஸ் என்றே அழைத்தனர். ஜாவளிகள் பல இயற்றிய தர்மபுரி சுப்பராயரும் தனம்மாளின் இசையில் மனம் தோய்ந்தவர். பாட்டை நூலில் பார்த்துப் படிப்பது அந்நாளில் வழக்கமில்லை. குருவின் வாயிலிருந்து மாணவரின் காதுக்கு, காதிலிருந்து நெஞ்சுக்கு என்று அது இறங்கியது. செவியே அவர்களுக்குப் புத்தகம்.

வீணையும் விரலும்

வீணை பலா மரத்தால் ஆனது. குடம், தண்டி, யாளி முகம், பிரடைகள், மெழுகின்மேல் பதித்த 24 மெட்டுகள், வாசிக்க நான்கு தந்திகள், தாளத்துக்கு மூன்று தந்திகள் என்று அதன் அமைப்பு. கிதாரில் விரலை நிறுத்தும் இடத்தில் சுரம் பிறக்கிறது. வீணையிலோ, மெட்டின்மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மீட்டில் பல சுரங்களை அசைத்துக் காட்டலாம். அதுதான் கமகம். ஒரு மீட்டின் ஒலி தேய்ந்து மறைவதற்குள் அந்த அசைவு முழுவதும் நடந்தேற வேண்டும். கேட்பவரும் அதற்குள் அதைக் கேட்டுவிட வேண்டும்.

நம் துறைக்குரிய செய்தி ஒன்றையும் இங்கே கூறத் தோன்றுகிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், 1921இல் நம் நாட்டுத் தந்திக் கருவிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கும் மேற்சுரங்கள் பிறக்கக் கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் கண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் அந்த மேற்சுரங்கள் கேட்கின்றன என்று இராமன் காட்டினார். குதிரையின் மேற்பரப்பு மெல்ல வளைந்திருப்பதும், தந்தி அதைத் தொட்டுத் தொட்டு அதிர்வதுமே அதற்குக் காரணம். இராமனின் மனைவி லோகசுந்தரி அம்மாளும் வீணை வாசிப்பவர் என்பது நினைவிற்குரியது. மெல்லிய ஒலி என்றால் வறிய ஒலி என்று பொருளில்லை. அதற்குள் செல்வம் நிரம்பிக் கிடக்கிறது.

அச்செல்வத்தை முழுதும் வெளிக்கொணர்ந்த விரல்கள் தனம்மாளுடையவை. மிருதங்கத் துணையைப் பெரிதும் நாடாமல், வீணையோடு தம் குரலையும் மெல்ல இழைத்துப் பாடுவார். வேகமும் ஆரவாரமும் அவர் வழியன்று. ஒரு இராகத்தின் உருவம் சில மீட்டுகளிலேயே தெரிந்துவிடும் என்பார்கள் கேட்டவர்கள்.

வெள்ளிக்கிழமை மாலைகள்

ஜார்ஜ் டவுனில் இருந்த தனம்மாளின் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை இசை நடந்தது. இசை வாணர்களும் இரசிகர்களும் வந்து அமர்வார்கள். அங்கே ஓர் எழுதாத சட்டம் இருந்தது. பேச்சுக் கூடாது, இருமலும் செருமலும் கூடாது, தாளம் போட்டு ஓசை எழுப்பவும் கூடாது. அமைதி குலைந்தால் வாசிப்பு நின்றுவிடும். மேடைக் கச்சேரிகளில் பெயர் பெற்ற பெரிய வித்துவான்களும் அவ்வீட்டில் மாணவர்களைப் போல அடங்கியிருந்து கேட்டார்கள்.

இதைக் கர்வம் என்று சிலர் கருதக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. ஒலியின் அளவை உயர்த்த இயலாதபோது இரைச்சலின் அளவைத் தாழ்த்த வேண்டும் என்பது ஒலியியலின் முதற்பாடம். தனம்மாள் ஆய்வுக்கூடம் எதுவுமின்றி, தம் வீட்டுக் கூடத்தையே அதற்கேற்ற இடமாக ஆக்கிக்கொண்டார். அவருக்குக் கிடைத்த ஒலிப்பதிவுக் கருவி எதிரே அமர்ந்திருந்தவர்களின் செவிதான்.

வேறொன்றையும் மறக்கலாகாது. இவர் பிறந்த மரபின் பெண்கள் வளர்த்த கலையைச் சமூகம் கைகொட்டி இரசித்தது. அப்பெண்களுக்குரிய மதிப்பை மட்டும் தர மறுத்தது. அத்தகைய சூழலில் ஒரு பெண் தம் வீட்டின் கூடத்தில், தாம் விதித்த ஒழுங்குக்கு ஊர்ப் பெரியவர்களைக் கட்டுப்படச் செய்தார் என்றால், அது அவர் இசைக்குக் கிடைத்த மதிப்பு மட்டுமன்று. அவருடைய தன்மானத்துக்கும் கிடைத்த மதிப்பாகும்.

இசைத்தட்டில் தனம்மாள்

இந்தியாவில் கிராமபோன் பதிவு 1902இல் கல்கத்தாவில் தொடங்கியது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி போன்றோரின் குரல்கள் அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தட்டில் ஏறிவிட்டன. அக்காலப் பதிவுக்கு மின்சாரம் கிடையாது. பெரிய ஊதுகுழல் ஒன்றின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த ஒலியின் வலிமையே ஒரு தகட்டை அசைத்து, ஊசியால் மெழுகில் கோடு கீற வேண்டும். மெல்லிய கருவிகளுக்கு அங்கே இடம் குறைவு. அமெரிக்காவிலும் அந்நாளில் கிதாரைவிட ஓசை மிகுந்த பாஞ்சோ என்னும் கருவியே தட்டுகளுக்கு ஏற்றதாக இருந்தது. 1925இல் ஒலிவாங்கி வைத்துப் பதிவு செய்யும் மின்முறை வந்த பிறகே, கிதாருக்கும் வீணைக்கும் கதவு நன்கு திறந்தது.

தனம்மாள் 1930களின் தொடக்கத்தில் கொலம்பியா நிறுவனத்துக்காகச் சில இசைத்தட்டுகள் அளித்தார். அப்போது அவர் அறுபதைக் கடந்தவர்; கண்பார்வை மங்கியிருந்தது; பொருள் நெருக்கடியும் இருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் சற்றேறக்குறைய மூன்று நிமிட இசைதான் அடங்கும். ஒரு மாலை முழுதும் விரிய வேண்டிய இசையை மூன்று நிமிடத்தில் அடக்குவது கடலைச் செம்பில் மொள்வது போன்றதே. எனினும், அந்தச் செம்பு நீராவது நமக்குக் கிடைத்தது. இன்று கைப்பேசியிலேயே அவற்றைக் கேட்கலாம். ஊசி உராயும் இரைச்சலுக்குப் பின்னால் வீணையும், அதனோடு ஒட்டி வரும் முதிய குரலும் தெளிவாகவே கேட்கின்றன.

சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். நீண்ட நேரம் ஒலிக்கும் நெடுந்தட்டு 1948இல்தான் வந்தது. அறிவியல் பத்தாண்டு முந்தியிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒன்றாவது முழுதாக நமக்குக் கிடைத்திருக்குமே என்று நெஞ்சம் ஏங்குகிறது.

வீடே கல்லூரி

ஆனால் தட்டில் ஏறாதது அனைத்தும் அழிந்துவிடவில்லை. தனம்மாளுக்கு இராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என்று நான்கு பெண்கள். ஜெயம்மாளின் மகள்தான் நாட்டியப் பேரரசி பாலசரஸ்வதி. காமாட்சியின் மக்கள் பிருந்தாவும் முக்தாவும் பதங்களையும் ஜாவளிகளையும் பாட்டியின் வழி வழுவாமல் பாடிக் காத்தனர். பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. பாலசரஸ்வதியைப் பற்றிச் சத்யஜித் ராய் 1976இல் ஒரு படமே எடுத்தார். பேரர்கள் ரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் புல்லாங்குழலும் கற்பித்தனர். பள்ளிப் பட்டம் இல்லாத பாட்டியின் கூடத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியர்கள் சென்றார்கள்! தனம்மாளிடம் கற்ற ரங்கராமானுஜ ஐயங்கார், கிருதிமணிமாலை என்னும் தொகுதிகளில் நூற்றுக்கணக்கான கிருதிகளைச் சுரப்படுத்தி அச்சேற்றினார். ஒரு வீடு செய்த ஒலிப்பதிவு இது!

நாம் செய்யத்தக்கது

தனம்மாளின் வீட்டு ஒழுங்கையே எங்கள் வீட்டுப் பதிவுக்கு நான் வழிகாட்டியாகக் கொண்டேன். பட்டினப்பாக்கத்தில் கடலை நிறுத்த முடியாது. பேருந்தின் ஊதலையும் நிறுத்த முடியாது. ஆகவே இரவு பதினொரு மணிக்குமேல் நேரம் குறித்தோம். மின்விசிறியை நிறுத்தி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வைத்தோம். கடல் பக்கச் சன்னலிலும் எதிர்ச் சுவரிலும் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டோம். கைப்பேசியை கிதாரின் நடுத்துளைக்கு நேரே வைத்தால் ஒலி குமுறும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி ஓர் அடி தூரத்தில் வைத்தால் சீராக விழும். தூரத்தைப் பாதியாக்கினால் நேரே வரும் ஒலி ஆறு டெசிபெல் கூடுகிறது. கடலின் இரைச்சல் கூடுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் உள்ள ஆறு பேரும் நான்கு நிமிடம் மூச்சடக்கி அமர்ந்திருந்தார்கள். செலவு ஒரு காசும் இல்லை.

பதிவு முடிந்ததும் எங்கள் ஆயா, அவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு, கரைவலை இழுக்கும்போது தம் தகப்பனார் பாடிய பாட்டு ஒன்றைத் தாமாகவே பாடத் தொடங்கினார். அதுவரை எங்கள் வீட்டில் யாருமே அதைக் கேட்டதில்லை. அதையும் பதிவு செய்தேன்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டிலும் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்கள் இருக்கிறார்கள். தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் வலைப் பாட்டும் அவர்கள் நெஞ்சிலே உள்ளன. தனம்மாளின் காலத்தில் மூன்று நிமிடத்துக்கு ஒரு நிறுவனமும், பதிவுக்கூடமும், பொறியாளரும் தேவைப்பட்டனர். இன்று நம் சட்டைப்பையிலேயே பல மணி நேரத்துக்கான கருவி இருக்கிறது. இல்லாதது அமைதியும் அக்கறையுமே. வரும் விடுமுறையில் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, கதவைச் சாத்தி, அவர்கள் எதிரே அமர்ந்து கேளுங்கள்; பதிந்து வையுங்கள். மெல்லிய குரல்கள் நமக்காகக் காத்திருக்கின்றன. காலம் காத்திருப்பதில்லை என்பதை வீணை தனம்மாளின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.