றொபேட்ஸ் பிரபுவும் சிறுதுவக்குப் பயிற்சியும்

வில்லாண்மைக்கு வல்வில் ஓரியையும் விசயனையும் எடுத்துக் காட்டுவது நம் முன்னோர் மரபு. மரக்கிளையில் இருந்த பறவையின் கண்ணை மட்டுமே கண்டு, மற்றெதனையும் காணாது நின்ற மாணாக்கன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. அக்கதையில் வில் பெற்றிருந்த இடத்தை இக்காலத்தில் துவக்குப் பெற்றுள்ளது. உலக நாடுகள் கூடும் ஒலிம்பிக் விழாவில் குறிசுடுதலும் ஓட்டத்தையும் நீச்சலையும் போல ஒரு விளையாட்டாக விளங்குகின்றது. செல்வர்க்கும் படைஞர்க்கும் உரியதாய் இருந்த இக்கலையை, ஆலைத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் பயிலும் கலையாக்கப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர் றொபேட்ஸ் பிரபு. அவர்தம் வாழ்க்கையைச் சுருக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை எடுத்துக்கொள்ள யான் முதலில் தயங்கினேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கோத்த மாலைபோற் கிடக்கும் இக்கரையில், முஸ்லிம்களும் தமிழருமாகிய நாம் ஒரே மொழி பேசி ஒரே கடலைப் பார்த்து வாழ்கின்றோம். நம் தலைமுறையினர் துவக்கின் ஓசையை விளையாட்டின் ஓசையாகக் கேட்டு வளர்ந்தவரல்லர். அவ்வோசை கேட்டதும் விளக்கை அணைத்துப் பிள்ளைகளை நிலத்திற் கிடத்திய இரவுகள் இரு சாரார் வீடுகளிலும் உண்டு. ஆயினும், ஒரு கருவி கொலைக்கு உதவியதென்பதால் அதன் வரலாற்றைக் கல்லாது விடுதல் அறிவுடைமை ஆகாது. நல்லதும் தீயதும் கலந்து கிடக்கும் ஒரு பெருவாழ்வை நடுநிலையோடு நோக்குதல் மாணாக்கர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன் தரும் என்றே துணிந்தேன்.

பிரெடரிக் சிலே றொபேட்ஸ் 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் நாள் இந்தியாவிலே கான்பூரிற் பிறந்தார். தந்தையார் ஏபிரகாம் றொபேட்ஸ், அயர்லாந்து நாட்டு வாட்டர்போட்டைச் சார்ந்தவர். கிழக்கிந்தியக் கும்பினியின் படைத்தலைவர். குழந்தைப் பருவத்தில் மூளைக் காய்ச்சல் கண்டு பிழைத்த பிரெடரிக் தம் வலக்கண்ணின் பார்வையை இழந்தார். வளர்ந்த பின்னும் உயரம் குறைந்தவராகவே இருந்தார். துவக்கை வலத்தோளிற் சார்த்தி வலக்கண்ணாற் குறி பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். அக்கண்ணே ஒளியிழந்த ஒருவர் பின்னாளில் ஒரு நாட்டினர் அனைவரையும் குறி பார்க்கப் பழக்க முனைந்தார் என்பது வியப்புக்குரிய செய்தியன்றோ?

ஈற்றன், சான்ட்ஹேர்ஸ்ட், அடிஸ்கொம்ப் ஆகிய இடங்களிற் கற்றுத் தேறி, 1851இல் வங்காளப் பீரங்கிப் படையிற் சேர்ந்தார். 1857இல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த போது டில்லி முற்றுகையிலும் இலக்னோ மீட்பிலும் போர் புரிந்தார். 1858 சனவரி 2ஆம் நாள் குதாகஞ்சு என்னுமிடத்திற் காட்டிய துணிவுக்காக விக்ரோறியாச் சிலுவை என்னும் உயர்ந்த வீரப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது. ஆங்கிலேயர் அதனைக் கலகம் என்றனர். இந்திய மக்களோ விடுதலைப் போர் என்று போற்றுகின்றனர். எதிர் நின்று மாய்ந்தவரும் வீரரே என்பதை நாம் மறத்தலாகாது.

1878இல் ஆப்கானியப் போர் மூண்டது. 1879இல் காபூலில் ஆங்கிலத் தூதர் கொல்லப்பட்டதும், றொபேட்ஸ் அந்நகரைக் கைப்பற்றி, பலரைத் தூக்கிலிட்டார். அச்செயல் அவர் நாட்டிலேயே கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டு, காந்தகாரில் முற்றுகைக்குட்பட்ட படையை மீட்க, ஏறக்குறையப் பதினாயிரம் வீரரோடு காபூலிலிருந்து 300 மைலுக்கு மேற்பட்ட வெம்பாலை நிலத்தை மூன்று கிழமையளவிற் கடந்து, 1880 செப்டெம்பர் 1ஆம் நாள் வெற்றி கொண்டார். அந்நடை அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. படைவீரர் அவரைப் பொப்ஸ் என்று செல்லப் பெயரிட்டு அழைத்தனர்.

இதன்பின் 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை பூண்டார். தமிழ்நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட இத்தொடர்பு நம் சிந்தனைக்கு உரியது. சென்னைப் படையினர் துவக்குச் சுடுதலில் ஊக்கம் குன்றியிருத்தலைக் கண்ட அவர், கட்டளையிடுவதோடு அமையாது தாமும் தம் பணிமனை அதிகாரிகளும் அப்பயிற்சியை மேற்கொண்டு போட்டிகளிற் கலந்து கொண்டனர். தலைவனே குறிமேடையில் நிற்கக் கண்ட வீரர்க்கு ஊக்கம் பிறந்தது. கற்பிப்போன் தானும் கற்போனாதல் வேண்டும் என்னும் உண்மைக்கு இது நல்ல சான்று.

ஆயினும் அவரே மற்றொரு கொள்கையையும் உறுதியாகப் பற்றியிருந்தார். சிலர் பிறப்பாலேயே போர்க்குடியினர். தென்னாட்டாரோ நெடுங்காலம் அமைதியில் வாழ்ந்து மறக்குணம் இழந்தவர் என்பது அவர் முடிபு. 1885 முதல் 1893 வரை இந்தியா முழுவதற்கும் சேனாதிபதியாய் இருந்த காலத்தில், தமிழரும் தெலுங்கரும் நிறைந்த படைப்பிரிவுகளைக் குறைத்து, சீக்கியரையும் கூர்க்கரையும் பட்டாணியரையும் மிகுதியாகச் சேர்க்கும் கொள்கையை வளர்த்தார். பயிற்சியாற் குறி கைவரும் என்று கண்கூடாகக் கண்டவர், பிறப்பால் ஆண்மை அமையும் என்றும் நம்பினார். இவ்விரண்டும் எங்ஙனம் ஒத்து நிற்கும்? பெரியோரிடத்தும் இத்தகைய முரண்பாடுகள் காணப்படுதல் உலகியல்பு போலும்.

1899ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிற் போயர் போர் தொடங்கிற்று. போயர்கள் ஒல்லாந்து வழிவந்த உழவர். சிறுவயது முதலே குதிரையும் துவக்கும் பழகியவர். மறைவிடம் தேடிக் கிடந்து, ஒவ்வொரு வெடியையும் குறி பார்த்தே தீர்த்தனர். அணிவகுத்து ஒருங்கே சுடப் பழகிய ஆங்கிலப் படை, டிசெம்பர் மாதத்து ஒரே கிழமைக்குள் மூன்று களங்களிற் தோல்வியுற்றது. அவற்றுள் இறுதியானது 15ஆம் நாள் கொலென்சோவில் நிகழ்ந்தது. அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த பீரங்கிகளை மீட்கக் குண்டுமாரியினூடே குதிரையைச் செலுத்திய இளைஞருள் றொபேட்சின் ஒரே மகனும் ஒருவன். படுகாயமுற்ற அவன் இரு நாளில் உயிர் நீத்தான். மறைந்த மைந்தனுக்கும் விக்ரோறியாச் சிலுவை அளிக்கப்பட்டது. தந்தையும் மகனும் அப்பதக்கம் பெற்ற குடும்பங்கள் உலகில் மூன்றே.

அந்நாட்களிலேயே தென்னாபிரிக்கப் படைத்தலைமை றொபேட்சிடம் ஒப்புவிக்கப்பட்டது. அகவை 67. மகனை இழந்த துயரை நெஞ்சில் அடக்கி, டிசெம்பர் 23ஆம் நாள் கப்பலேறினார். 1900 பெப்ருவரி 27இல் பாடபேர்க்கில் போயர்த் தளபதி குரோஞ்சே ஏறக்குறைய நாலாயிரம் வீரரோடு சரணடைந்தார். யூன் 5ஆம் நாள் பிரிட்டோறியா நகரம் வீழ்ந்தது. ஆனால் போர் முடியவில்லை. மறைந்து தாக்கிய போயர்களை அடக்குவதற்கு அவர்தம் பண்ணைகளைத் தீக்கிரையாக்கும் முறை றொபேட்சின் ஆணையாலே தொடங்கிற்று. அவர்க்குப்பின் வந்த கிச்சினர் அதனைப் பெருக்கினார். தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்ட போயர்ப் பெண்டிரும் பிள்ளைகளும் 26,000க்கு மேற்பட்டோர் நோயாலும் பசியாலும் மாண்டனர். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட ஆபிரிக்கக் கறுப்பின மக்களும் பல்லாயிரவர் மடிந்தனர். ஒரு மகனை இழந்த தந்தை, எண்ணற்ற தாய்மார் பிள்ளைகளை இழக்கக் காரணமானவருள் ஒருவரானார். இக்கறையை எவ்வெற்றியும் கழுவ இயலாது.

அப்போரின் அலை நம் நாட்டையும் தொட்டது. 1900இல் தொடங்கிப் போயர்க் கைதிகள் ஏறக்குறைய ஐயாயிரவர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். நம் கரையிலிருந்து மேற்கே மலையேறிப் பதுளைக்கு அப்பாற் சென்றால் தியத்தலாவையைக் காணலாம். அங்கேதான் அவர்கட்குப் பெருமுகாம் அமைந்தது. முடிக்கு விசுவாசம் கூறி உறுதிமொழி தர மறுத்த ஏங்கல்பிரெக்ற் என்பவர் தாயகம் திரும்ப இயலாது இந்நாட்டிலேயே தங்கி, யால வனத்தின் முதற் காவலரானார். பொத்துவில், பாணமைக்குத் தெற்கே விரியும் காட்டில் விலங்குகளைக் காத்தவர், துவக்கிற் கைதேர்ந்த ஒரு போயர் என்பது நினைக்கத்தக்கது.

1901 சனவரியில் நாடு திரும்பிய றொபேட்சுக்குக் கோமகப் பட்டமும் பெரும்பொருளும் வழங்கப்பட்டன. ஆயினும் அவர் நெஞ்சு அமைதியுறவில்லை. தம் மகனையும் தம் வீரரையும் வீழ்த்திய உழவரின் குறித்திறனை அவர் வெறுக்கவில்லை. அதனைக் கற்க விழைந்தார். தோல்வியைப் பழிவாங்கும் எண்ணத்தோடு மட்டும் நோக்குவோர் பலர். பகைவனையே ஆசானாகக் கொள்வோர் சிலர். இவ்வகையில் றொபேட்ஸ் அச்சிலருள் ஒருவர்.

ஆனால் நகர மக்கள் எங்ஙனம் பயில்வது? படைத்துவக்கின் குண்டு மைல் தொலைவுக்குச் செல்லும்; அதற்கேற்ற வெளி ஊர்ப்புறத்தன்றிக் கிடையாது; தோட்டாவின் விலையும் அதிகம். இதற்கு விடையாக அமைந்ததே சிறுதுவக்கு. அதன் குழல் விட்டம் 0.22 அங்குலம், அஃதாவது 5.6 மில்லிமீற்றர். தோட்டாவின் அடிவிளிம்பினுள்ளே பற்றுமருந்து பூசப்பட்டிருக்கும். ஊசி அவ்விளிம்பைத் தாக்கியதும் வெடி தீரும். இத்தோட்டாவின் இன்றைய வடிவம் 1887இல் அமெரிக்காவிற் தோன்றியது. ஈயக் குண்டின் நிறை இரண்டரைக் கிராமுக்குச் சற்று மேல். ஓசை சிறிது, உதைப்புச் சிறிது, செலவும் சிறிது. பழைய கற்குழியும் நீண்ட மண்டபமும் இதற்குப் போதிய களமாயின.

1901இல் தொழிலாளர் துவக்குக் கழகங்களின் சங்கம் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. 1903இல் அது பிறிதோர் அமைப்போடு இணைந்து சிறுதுவக்குக் கழகங்களின் சங்கமாயிற்று. றொபேட்ஸ் அதன் தலைவராய் நின்று, ஊர்தோறும் கழகம் அமைக்குமாறு நாட்டு மக்களை வேண்டினார். 1908இல் இலண்டன் ஒலிம்பிக் விழாவிற் சிறுதுவக்குப் போட்டிகள் இடம்பெற்றன. 1909இல் டியூவர் கிண்ணப் போட்டி தொடங்கியது. கடல் கடந்த நாட்டினர் தத்தம் ஊரிலேயே சுட்டுப் புள்ளிகளை ஒப்பிட்டுக் கொள்ளும் புதுமையான முறை அது.

சிறுதுவக்கு என்றதும் எளிய விளையாட்டென்று கருதற்க. 50 யாருக்குச் செம்மை செய்த துவக்கு 100 யாரில் அரையடிக்கு மேல் தாழ்ந்து சுடும். 200 யாரிலோ நாலடி அளவு தாழும். குண்டு மெல்லச் செல்வதால் குறுக்கே வீசும் காற்று அதனை எளிதில் ஒதுக்கும். மணிக்குப் பத்து மைல் வேகக் காற்று 100 யாரில் மூன்று நான்கு அங்குலம் தள்ளிவிடும். இந்நாள் 50 மீற்றர்ப் போட்டியிற் பத்துப் புள்ளி தரும் வட்டத்தின் விட்டமோ 10.4 மில்லிமீற்றரே. கச்சான் வீசும் மாதங்களில் வலை வீசும் நம் மீனவர், காற்றின் போக்கறிந்து கை திருப்புவது போலச் சுடுவோனும் கொடியின் அசைவை நோக்கிக் குறியைத் திருத்த வேண்டும். மூச்சை நிறுத்தி, விரலை மெல்ல வளைத்து, வெடி தீர்ந்த பின்னும் அசையாதிருத்தல் வேண்டும். சினம் கொண்டவனும் அவசரக்காரனும் இக்கலையில் தேற முடியாது. கொலைக் கருவியே கைக்கொண்டவன் உள்ளத்தை அடக்கும் பயிற்சியாக மாறும் விந்தை இது.

எனினும் றொபேட்சின் நோக்கம் விளையாட்டன்று, வரவிருந்த போரே. 1905 முதல் தேசிய சேவைக் கழகத்தின் தலைவராய், இளைஞர் அனைவர்க்கும் கட்டாயப் படைப்பயிற்சி வேண்டுமென ஊரூராய்ச் சென்று முழங்கினார். அவர் வாழ்நாளில் அரசு அதனை ஏற்கவில்லை. 1914இல் உலகப் போர் மூண்டது. எண்பத்திரண்டு வயதுக் கிழவர், பிரான்சிற் போர்முனைக்கு வந்திருந்த இந்திய வீரரைக் காண விரைந்து, குளிரிற் சளிச்சுரம் கண்டு, நவம்பர் 14ஆம் நாள் சென் ஓமேரில் உயிர் துறந்தார். இலண்டன் புனித போல் பேராலயத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் தலைமை தாங்கிய சங்கம் 1947இல் தேசிய சிறுதுவக்குச் சங்கம் எனப் பெயர் மாறி நிலைபெற்றது. 2002ஆம் ஆண்டுப் பொதுநலவாய விளையாட்டுக்காகப் பிஸ்லியில் எழுந்த குறிசுடு மண்டபம் அவர் பெயரையே தாங்குகின்றது. தென்னாட்டார் போர்க்குடியினர் அல்லர் என்ற அவரது முடிபோ நிலைக்கவில்லை. இரு உலகப் போர்களிலும் சென்னைச் சப்பர் படையினர் ஆற்றிய பணி அதனைப் பொய்யாக்கிற்று. கடலூரிற் பிறந்த இளவேனில் வாலறிவன் என்னும் தமிழ்நங்கை 2019இல் உலகக் கிண்ணப் போட்டியில் காற்றுத்துவக்குப் பிரிவிற் பொற்பதக்கம் வென்றமை அதற்கு மேலும் ஒரு மறுப்பு. கையும் கண்ணும் குலம் கேட்டுப் பழகுவதில்லை; பழகப் பழகவே தேறும். றொபேட்ஸ் நிறுவத் துணை நின்ற கழகங்களே அவருடைய இனக்கொள்கையைத் தகர்க்கும் சான்றாயின என்பது காலம் நமக்குக் காட்டும் பாடம்.

பெரியோர் வாழ்வைக் கற்பது அவர்களை வணங்குவதற்கு மட்டுமன்று; கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளுவதற்கும் ஆம். ஊனத்தை வென்ற உறுதியையும், தோல்வியிற் பாடம் கற்ற பணிவையும், தாமே முன்னின்று பழகிக் காட்டிய தலைமையையும் கொள்வோம். தூக்குமரத்தையும் தீயிட்ட பண்ணைகளையும் பிறப்பால் மக்களைத் தரம் பிரித்த சிந்தையையும் தள்ளுவோம். நம் கரையில் இனி எக்காலத்தும் துவக்கோசை கேட்குமாயின், அது தாளிற் தீட்டிய வட்டத்தைத் தேடும் விளையாட்டின் ஓசையாகவே இருத்தல் வேண்டும். அத்தகைய நாளை நோக்கிப் பிள்ளைகளை வளர்க்கும் பணியில் யூபிலி காணும் நம் கல்லூரி மேலும் பல்லாண்டு சிறந்து விளங்குக!